கை நடுங்காத ஐந்து நாட்கள்

செம்பியன் செவ்வாய்க்கிழமைதோறும் பொய் சொல்கிறான் என்பதை அமராவதி மூன்றாவது செவ்வாயில்தான் கண்டுபிடித்தாள். முதல் இரண்டு செவ்வாய்களை எப்படிக் கோட்டை விட்டோம் என்பது அவளுக்குப் பெரிய அவமானமாகப் போய்விட்டது. கடலூரில் இ-சேவை மையத்தில் உட்கார்ந்து பதினோரு வருஷமாக ஊராரின் பிறந்த தேதியையும் விலாசத்தையும் வருமானத்தையும் தட்டிக்கொண்டிருக்கிறவள் அவள். எதிரே நிற்கிற ஆள் பதில் சொல்வதற்கு முன்னால் ஒருமுறை தொண்டையைச் செருமினால் போதும், வரப்போவது பொய் என்று விரலுக்கே தெரிந்துவிடும். அப்பேர்ப்பட்டவளை வீட்டுக்காரர் இரண்டு வாரம் ஏமாற்றியிருக்கிறார்.

பண்ருட்டியில் ஒரு என்ஜினீயர் வீட்டுப் பெண்ணுக்குக் கணக்கு டியூஷன் என்றுதான் அவன் சொல்லியிருந்தான். காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுவான். டிபன் அங்கேயே தருகிறார்களாம். அன்று சாயங்காலம் சட்டையை ஊறவைப்பதற்கு முன்னால் அவள் பையைத் துழாவினாள். துழாவாமல் அந்த வீட்டில் எந்தச் சட்டையும் தண்ணீரைப் பார்த்ததில்லை. பஸ் டிக்கெட் கிடைத்தது. கடலூரிலிருந்து சிதம்பரம். பண்ருட்டி மேற்கே இருக்கிறது, சிதம்பரம் தெற்கே இருக்கிறது. திசை தெரியாமல் ஏறிவிட்டான் என்று எந்தப் பெண்டாட்டியும் நம்பமாட்டாள்.

வேறொரு பெண்ணாக இருக்கட்டும் கடவுளே என்று ஒரு கணம் வேண்டிக்கொண்டாள். அப்படி இருந்தால் சண்டை போடலாம், அண்ணனைக் கூப்பிடலாம், தலைமுடியைப் பிடித்து இழுக்கலாம். அவள் பயந்தது அதற்கு இல்லை. மறுபடியும் ஆரம்பித்துவிட்டதோ என்றுதான் பயந்தாள்.

செம்பியன் மஞ்சக்குப்பத்தில் ஒரு நிதியுதவி பெறும் பள்ளியில் பிளஸ் டூ கணக்கு ஆசிரியராக இருந்தவன்; இப்போது ஒரு டியூஷன் சென்டரில் பாடம் எடுக்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்கள் பேசுவது கேட்க ஆரம்பித்தது. பேச்செல்லாம் அவனைப் பற்றியே. பிறகு, மொட்டைமாடித் தண்ணீர் டேங்க்கில் யாரோ மருந்து கலக்கிறார்கள் என்றான். எத்தனை மணிக்கு மோட்டார் போட்டால் தண்ணீர் என்ன நிறத்தில் வருகிறது என்று பதினாறு பக்கம் எழுதினான். சித்திரை மாசத்தில் ஒருநாள், மகள் கனிமொழியை ஒரு பகல் முழுக்க அறைக்குள் வைத்துப் பூட்டி, ஒரு வாய் தண்ணீர் குடிக்க விடவில்லை. குழந்தையைக் காப்பாற்றுகிறோம் என்று அவன் நினைப்பு. அமராவதி வேலை விட்டு வந்து கதவை உடைத்தபோது ஒன்பது வயதுக் குழந்தை உதடு வெடித்து மயங்கிக் கிடந்தது. அந்த உதட்டை அமராவதி சாகிறவரை மறக்கமாட்டாள்.

மனநல மருத்துவர் இசைவாணி கொடுத்த மாத்திரையில் ஆறு மாசத்தில் பேச்சுச் சத்தம் நின்றது. அவனே டேங்க்கைக் கழுவினான். அவனே மகளிடம் அழுதான். போன ஐப்பசியில் டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிட்டார். இப்போது பள்ளியில் தாளாளர் சொல்லியிருக்கிறார், ஜூன் ஒன்றாம் தேதிக்குள் டாக்டரிடம் தகுதிச் சான்று வாங்கி வந்தால் பழைய வேலை, இல்லாவிட்டால் இடத்துக்கு வேறு ஆள். வேலை கிடைத்தால்தான் புவனகிரியில் மாமன் வீட்டில் வளர்கிற கனிமொழியைத் திரும்ப அழைத்துக்கொள்வது என்று அமராவதி முடிவு செய்திருந்தாள். சான்றுக்காக டாக்டரைப் பார்க்க வேண்டிய நாள், மே மாசம் மூன்றாவது வெள்ளி.

இவ்வளவும் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாத ஒன்று உண்டு. டாக்டர் நிறுத்திய மாத்திரையை அமராவதி நிறுத்தவில்லை.

அவளுடைய அண்ணன் காத்தவராயன் புவனகிரியில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறார். டாக்டர் எழுதிய பழைய மருந்துச் சீட்டு அவரிடமே இருந்தது. "டாக்டருங்க சொல்லுவாங்கமா. கூட இருக்குறது நீயா அவங்களா?" என்று கேட்டு, அட்டை அட்டையாக எடுத்துக் கொடுத்தார். "பாதி மாத்திரை போடு. ஜாஸ்தி வேணாம். மாப்ளைக்குத் தெரிய வேணாம்." தை மாசத்திலிருந்து அவள் பாதி மாத்திரையைக் கரண்டிக் காம்பால் பொடித்து, காலையில் செம்பியன் மட்டும் குடிக்கிற கேழ்வரகுக் கஞ்சியில் கலந்துகொண்டிருந்தாள். நிறைய வீடுகளில் நடப்பதுதான் என்று அண்ணன் சொன்னார். அது உண்மைதான். நிறைய வீடுகளில் நடக்கிறது என்பதாலேயே ஒரு காரியம் சரியாகிவிட்டால் அமராவதிக்கு அந்த வேலையைச் செய்யும்போது அடுப்படிக் கதவைச் சாத்த வேண்டிய அவசியம் வந்திருக்காது.

நான்காவது செவ்வாய் அவள் லீவு போட்டாள். அதே பஸ்ஸில் பின்வாசல் வழியாக ஏறி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கடைசி சீட்டில் உட்கார்ந்தாள். முன்னால் செம்பியனின் பின்னந்தலை தெரிந்தது. ஆலப்பாக்கம் தாண்டும்வரை அவன் தூங்கவில்லை. வீட்டில் என்றால் உட்கார்ந்த நாற்காலியிலேயே சாய்ந்துவிடுகிற ஆள், இங்கே கழுத்தை நிமிர்த்திக்கொண்டு வெளியே பார்க்கிறான். அதையும் அவள் சந்தேகத்தில் சேர்த்துக்கொண்டாள். இன்று கஞ்சி குடிக்கவில்லை என்பது பரங்கிப்பேட்டைப் பிரிவு வந்தபிறகுதான் அவளுக்கு உறைத்தது.

சிதம்பரத்தில் இறங்கி, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் பல்கலைக்கழகத்துக்கு நடந்தான். உளவியல் துறைக் கட்டடத்தின் கடைசி அறைக்குள் போனான். கதவு சாத்திக்கொண்டது. அமராவதி கதவில் காதை வைத்தாள். ஒரு சத்தமும் வரவில்லை. சத்தம் வராதபடிக் கட்டின அறை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? சத்தம் வராத அறையில் இரண்டு பேர் என்ன செய்வார்கள் என்று யோசித்துக்கொண்டே இன்னும் அழுத்தி வைத்தாள். கதவு திறந்தபோது விழாமல் இருந்ததே பெரிய விஷயம்.

திறந்தது முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஹெட்போன். "நீங்க செம்பியன் சார் வீட்டம்மாவா?" என்றாள்.

அவளுக்குப் பின்னாலிருந்து செம்பியன் எட்டிப் பார்த்தான். கோபமோ பதற்றமோ இல்லை. "வந்துட்டியா. போன வாரமே டிக்கெட்டப் பாத்துருப்ப. இந்த வாரம் வருவேன்னு நெனச்சேன்" என்றான்.

இவன் நம்மைக் கணித்து வைத்திருக்கிறான் என்று அமராவதிக்குப் பட்டது.

அந்தப் பெண் கயல்விழி, அங்கே ஆராய்ச்சி மாணவி. இல்லாத குரல் ஒருகாலத்தில் கேட்டு இப்போது சரியாகிவிட்டவர்கள் தேவை என்று டாக்டர் இசைவாணியின் மருத்துவமனைச் சுவரில் அவள் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தாள். அதைப் பார்த்துத்தான் செம்பியன் வந்திருக்கிறான்.

"அதுக்கு ஏங்க பண்ருட்டின்னு பொய் சொல்லணும்?" என்று அமராவதி கேட்டாள்.

"சொன்னா நீ பயந்துருவ. எனக்கு மூளை சரியாயிடுச்சான்னு டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி நானே ஒரு தடவ பாத்துக்கலாம்னுதான்."

கயல்விழி அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். "அக்கா, கண்ணும் காதும் சேதி கொண்டாந்து குடுத்து, அப்புறம்தான் மூளை புரிஞ்சுக்குதுன்னு நாம நெனச்சிட்டிருக்கோம். அப்படி இல்ல, மூளை முன்கூட்டியே ஒண்ண யூகிச்சு வச்சிருதுன்னு ஒரு கொள்கை. காது என்னா பண்ணுது? அந்த யூகம் தப்பா இருந்தா மட்டும் தப்புன்னு சொல்லுது. மாடிப்படி எறங்குறப்ப இன்னும் ஒரு படி இருக்குன்னு கால வச்சு, படி இல்லாம தூக்கிவாரிப் போடுதுல்ல? அந்த மாதிரி. தப்புன்னு வர்ற சேதிய மூளை காதுல போட்டுக்காம, தன் யூகத்தையே புடிச்சிக்கிட்டு நின்னா, இல்லாத குரல் கேக்கும். அவுங்க நம்மளத்தான் பேசுறாங்கன்னு தோணும்."

அமராவதி அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தாள். தொண்டையைச் செருமவில்லை. இருந்தாலும் நம்பவில்லை. படித்தவர்கள் செருமாமலே பொய் சொல்வார்கள்.

"நோய் இல்லாதவங்களையும் ஒப்பிட்டுப் பாக்கணும்கா. நீங்க உக்காருறீங்களா? இருவது நிமிஷம்தான்."

ஹெட்போனில் மழை கொட்டுவதுபோல ஒரு இரைச்சல். எதிரே திரையில் அவ்வப்போது ஒரு வெளிச்சப் புள்ளி வந்துபோகும். இரைச்சலுக்குள் ஒரு பெண்குழந்தை "அம்மா" என்று கூப்பிடுவது கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். முதலில் நன்றாகவே கேட்டது. வெளிச்சம் வரும், குழந்தை கூப்பிடும். போகப்போகக் குரல் மங்கியது. அமராவதி விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். இரைச்சலுக்கு அடியில், கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோல, அம்மா, அம்மா என்று அந்தக் குழந்தை கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தது. அழுத்தி அழுத்தி அவளுக்கு விரல் வலித்தது.

கயல்விழி கணினியைப் பார்த்தாள். "நாப்பது தடவ வெறும் எரைச்சல் மட்டும்தான் வச்சிருந்தேன்கா. குரலே கெடையாது. நீங்க இருவத்திமூணு தடவ கேட்டுச்சுன்னு அழுத்தியிருக்கீங்க."

"இவரு?"

"சார் எட்டு. எல்லாருக்கும் அவ்வளவு வரும்."

"மிஷின் ரிப்பேரு" என்றாள் அமராவதி.

"இது வியாதின்னு அர்த்தம் இல்லக்கா. ரொம்ப நாளா காதத் தீட்டி வச்சிக்கிட்டே இருக்கிறவங்களுக்கு இப்படி வர்றது உண்டு."

செம்பியன் சிரிக்கவில்லை. அவன் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தான். "கயல், போன வாரம் கேட்ட கேள்விக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல. குரல் சரி. காது சாட்சிக்கு இருக்கு. பகா எண்களுக்கு முடிவே கெடையாதுன்னு நான் போர்டுல நிரூபிக்கிறேன். முடிவில்லாதத எந்தக் கண்ணும் பாத்தது இல்ல. அங்க என் மூளை எத யூகிக்குது, எதோட ஒத்துப் பாக்குது?"

"அதுவும் யூகம்தான்னு சொல்றவங்க இருக்காங்க சார். ஒரு வரி எழுதுறப்பவே அடுத்த வரி இப்படித்தான் வரும்னு மூளை எதிர்பாக்குது, முரண்பாடு வந்தா உறுத்துதுன்னு சொல்லுவாங்க. ஆனா முழுசா அப்படித்தானான்னு எங்களுக்கே தெரியாது."

"அப்ப பாதிதான் தெரியும்னு எழுதுங்க. தப்பில்ல." பிறகு சாதாரணமாக, நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டு கேட்டான். "இன்னொண்ணு. ஒரு ஆளுக்கு யாரோ சாப்பாட்டுல எதையோ கலந்து குடுக்குறாங்கன்னு தோணுதுன்னு வைங்க. கணக்குப் போட்டுப் பாத்து அவன் அந்த முடிவுக்கு வர்றான். அது நோயா, சரியான கணக்கா? உங்க கொள்கை அதச் சொல்லுமா?"

அமராவதி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

கயல்விழி யோசித்துத்தான் சொன்னாள். "சொல்லாது சார். உள்ள இருந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். வெளிய யாராவது போயி, சாப்பாட்டுல என்னா இருக்குன்னு பாத்தாதான் தெரியும்."

திரும்பி வரும்போது இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். அவனுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்துதான் அந்தக் கேள்வியை என் முன்னால் கேட்டானா? கடலூர் வரும்வரை அமராவதி இதையே அரைத்துக்கொண்டு வந்தாள். ஜன்னல் வழியாக முந்திரி வாங்கிக் கொடுத்தான். அதில்கூட ஏதோ உள்ளர்த்தம் இருப்பதாக அவளுக்குப் பட்டது.

மறுநாள் அவன் டியூஷன் சென்டருக்குப் போனதும் வீட்டைச் சல்லடையாகச் சலித்தாள். மேசை, அலமாரி, மெத்தைக்கு அடி. கடைசியில் பிளஸ் டூ கணக்குப் புத்தக அட்டைக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டு அகப்பட்டது. முதல் பக்கத்தைப் பார்த்ததுமே தரையில் உட்கார்ந்துவிட்டாள். டேங்க் நாட்களில் போட்ட அதே மாதிரிக் கட்டம். அதே மாதிரித் தேதிவாரி எழுத்து.

மார்ச் முதல் தேதியிலிருந்து எழுதியிருந்தான். கஞ்சி குடித்தேனா, வாய் உலர்ந்ததா, பதினோரு மணித் தூக்கம் வந்ததா, சாக்பீஸ் பிடிக்கும்போது கை நடுங்கியதா. நாள்தோறும் நான்கு பதில். கஞ்சி குடித்த நாட்களில் பெரும்பாலும் தூக்கமும் நடுக்கமும். கஞ்சி குடிக்காத செவ்வாய்களில் வாய் உலரவில்லை, தூக்கம் வரவில்லை, நடுக்கமும் குறைவு. ஒரு பக்கத்தில் கட்டம் கட்டி எழுதியிருந்தான்: கஞ்சியில் ஏதோ இருக்கிறது.

அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். அங்கே அதே முடிவை மறுபடி எழுதிக் குறுக்காக அடித்திருந்தான். கீழே எழுதியிருந்தது:

"பழைய பக்கங்களைத் திரும்பப் பார்த்தேன். ஏப்ரல் 7 முதல் 11 வரை தினமும் கஞ்சி குடித்தேன். முதல் நாள் மட்டும் லேசான நடுக்கம். பிறகு நடுக்கம் இல்லை, தூக்கம் இல்லை. ஒரு எதிர் எடுத்துக்காட்டு வந்துவிட்டால் தேற்றம் செத்தது. ஆகவே கஞ்சி அல்ல. அப்படியானால் எனக்கு மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் டேங்க்குக்கும் இப்படித்தான் எழுதினேன்."

ஏப்ரல் ஏழு முதல் பதினொன்று. அமராவதிக்குத் தேதி பார்க்காமலே தெரியும். அந்த வாரம் மாத்திரை தீர்ந்துபோய், அண்ணன் கடைக்குச் சரக்கு வராமல், ஐந்து நாள் அவள் வெறும் கஞ்சிதான் கொடுத்தாள். தேற்றம் சாகவில்லை. அது செத்ததாக அவனை நினைக்கவைத்த அந்த ஐந்து நாளுக்குக் காரணம் இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

அந்த இன்னொரு ஆளுக்குப் போன் போட்டாள்.

"நல்லதாப் போச்சு விடு" என்றார் காத்தவராயன். "மாப்ளையே டாக்டர்கிட்ட போயி, கஞ்சில எதோ கலக்குற மாதிரி தோணுதுன்னு சொல்லட்டும். அந்தம்மாவே மறுபடி மாத்திரை எழுதிருவாங்க. நீ ஒளிச்சு ஒளிச்சுக் கலக்க வேண்டிய வேலை மிச்சம்."

"வேல போயிடும்ணே."

"வேல போனா போவுது. புள்ள உசுரு முக்கியமா, வேல முக்கியமா? நீ வாயத் தொறக்காத. எங் கட லைசென்சும் இருக்கு."

போனை வைத்தபிறகுதான், கடைசியில் சொன்னதுதான் அண்ணனுக்கு முதல் காரணமோ என்று அவளுக்குத் தோன்றியது. கூடப் பிறந்தவரையும் இப்படி நினைக்க ஆரம்பித்துவிட்டோமே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது. ஆனாலும் அண்ணன் சொன்னதில் ஒரு ஆறுதல் இருந்தது. டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டால் அவள் செய்ததெல்லாம் சரியென்று ஆகிவிடும். அவனுக்கு நோய்தான் என்று காகிதத்தில் வந்துவிட்டால், அவள் வெறும் முன்ஜாக்கிரதைக்காரி. இப்படி நினைத்ததற்காக அவள் அன்றிரவு சாப்பிடவில்லை. நினைப்பதை நிறுத்தவும் இல்லை.

சான்றுக்குப் போக வேண்டிய வெள்ளிக்கிழமை காலையில்கூட, அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு பாதி மாத்திரையைப் பொடித்தாள். இன்றைக்கு ஒருநாள் விட்டால் என்ன என்று கை தயங்கியது. டாக்டர் முன்னால் அவன் ஏதாவது உளறிவைத்தால்? போட்டுக் கலக்கினாள். அவன் எப்போதும்போல ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தான்.

மருத்துவர் இசைவாணி ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். மேசையில் பள்ளிக்கூடத்துத் தகுதிச் சான்றுப் படிவம் இருந்தது. "எப்படி இருக்கீங்க செம்பியன் சார்? தூக்கம், சாப்பாடு, யோசனை எல்லாம்?"

செம்பியன் நோட்டை எடுத்து மேசையில் வைத்தான். இதோ சொல்லப்போகிறான், கஞ்சியில் கலக்கிறாள் என்று விரலை நீட்டப்போகிறான் என்று அமராவதி காத்திருந்தாள்.

"சான்று வேணாம் டாக்டர்" என்றான். "எனக்குத் திரும்ப ஆரம்பிச்சிருச்சு. கஞ்சில என்னவோ இருக்குன்னு நாலு மாசமா ஒரு எண்ணம். கை நடுங்குது, தூக்கம் வருது. உடம்புல இருக்கறது நெசம். ஆனா காரணம்னு நான் நெனச்சது தப்பு. கணக்குப் போட்டுப் பாத்தேன், ஒத்து வரல. ஒத்து வராமப் போயும் எண்ணம் போவ மாட்டேங்குது. சிதம்பரத்துல அந்தப் பொண்ணு சொன்னது இதத்தான். தப்புன்னு சேதி வந்தும் யூகத்த விடாமப் புடிச்சிக்கிட்டு நிக்கிறேன்."

"யார் கலக்குறதா தோணுச்சு?"

"எங்க வீட்டுல சமைக்கிறது ஒரே ஒரு ஆளு டாக்டர்." என்றான் செம்பியன். "இவளச் சந்தேகப்படுறதுக்கு என்னைச் சந்தேகப்படுறது எனக்குச் சுலபமா இருக்கு. ஒரு தடவ இவளையும் கொழந்தையையும் நாசம் பண்ணப் பாத்தவன் நான். மாத்திரை எழுதிக் குடுங்க. பள்ளிக்கூடத்துல வேற ஆள் போட்டுக்கட்டும்."

டாக்டர் சான்றுப் படிவத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு மருந்துச் சீட்டை இழுத்தார். பேனா மூடியைக் கழற்றினார். அண்ணன் சொன்னபடியே எல்லாம் நடந்துகொண்டிருந்தது. அமராவதி வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

"எழுதாதீங்க டாக்டர்" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "கஞ்சில நாந்தான் கலந்தேன். நீங்க நிறுத்துன மாத்திரதான். பாதி பாதியா. தை மாசத்துலேருந்து. இன்னைக்குக் காலையிலயும்."

டாக்டர் அவளை நம்பாதவராகப் பார்த்தார். "சர்டிபிகேட்டுக்காகச் சொல்றீங்களாம்மா? வேலை போயிடக் கூடாதுன்னு வீட்டுக்காரங்க இப்படிப் பழிய ஏத்துக்கறது நான் பாத்துருக்கேன்."

செம்பியனும் அப்படித்தான் நினைத்தான். "வேணாம் அமரா" என்றான் மெதுவாக.

அவள் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். "அண்ணே, டாக்டர் முன்னாடி இருக்கேன். நீ குடுத்த மாத்திரயச் சொல்லு."

காத்தவராயன் ஒருமுறை தொண்டையைச் செருமினார். "என்னா மாத்திர? நான் ஒண்ணும் குடுக்கலியே. உனக்கும் ஒடம்பு சரியில்லியா?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அமராவதி உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு, நம்புவதற்கு ஆளில்லாமல் நின்றாள். செம்பியன் நான்கு மாசமாக எங்கே நின்றுகொண்டிருந்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அழுகை முட்டியது. அழுதால் நாடகம் என்பார்கள் என்று அடக்கிக்கொண்டாள்.

"அந்த நோட்ட எடுங்க" என்றாள் அவனிடம். "நான் ஒருநா திருட்டுத்தனமாப் படிச்சேன். ஏப்ரல் ஏழாந் தேதியப் பாருங்க. பதினொண்ணு வரைக்கும். கஞ்சி குடிச்சும் கை நடுங்கலன்னு எழுதியிருக்கீங்க. அதுனாலதான கணக்க அடிச்சீங்க? அந்த அஞ்சு நாளு எங்கிட்ட மாத்திர இல்ல. கடைக்குச் சரக்கு வரல. வெறும் கஞ்சிதான் குடுத்தேன். பன்னெண்டாந் தேதி மறுபடி போட்டேன். பன்னெண்டுல என்னா எழுதியிருக்கீங்க?"

அவன் நோட்டைப் புரட்டினான். நின்று படித்தான். பிறகு நோட்டை டாக்டர் பக்கம் திருப்பி வைத்தான். பன்னிரண்டாம் தேதிக் கட்டத்தில், நடுக்கம் திரும்ப வந்துவிட்டது, காரணம் தெரியவில்லை என்று எழுதியிருந்தது.

டாக்டர் பக்கம் பக்கமாக, நிதானமாக எல்லாவற்றையும் பார்த்தார். அவன் கண்ணில் விளக்கடித்தார், விரலை நீட்டச் சொன்னார், கை மணிக்கட்டை மடக்கிப் பார்த்தார். பிறகு மருந்துச் சீட்டைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"உங்களுக்குத் திரும்ப ஆரம்பிக்கல சார். நீங்க போட்ட கணக்கு சரி. உங்களுக்கு ஒரு தகவல் வராமப் போச்சு, அவ்வளவுதான்." அமராவதியிடம் அவர் குரல் மாறியது. "நீங்க பண்ணது எவ்வளவு பெரிய தப்புன்னு இன்னொரு நாள் பேசுவோம். இன்னியோட மொத்தமா நிறுத்துங்க. உங்க அண்ணன் கடையப் பத்தியும் நான் பேச வேண்டியிருக்கு."

சான்றுப் படிவத்தை நடுவுக்கு இழுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார். அமராவதி இரண்டு வருஷமாகக் கோயில் கோயிலாகப் போய்க் கேட்ட காகிதம் அது. சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. அவள் செம்பியனையே பார்த்தாள். திட்டுவான், அடிப்பான், அழுவான் என்று ஒவ்வொன்றாக எதிர்பார்த்தாள்.

"நீ டாக்டர்கிட்ட சொல்லாம இருந்திருந்தா, எத்தன நாளைக்குக் கலந்துருப்ப?" என்று மட்டும் அவன் கேட்டான்.

பொய் சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை. "எப்பவும்" என்றாள். "எனக்குப் பயமா இருந்துச்சுங்க. இப்பவும் பயமாத்தான் இருக்கு."

அவன் தலையாட்டினான்.

டாக்டர் அவனுடைய மருத்துவக் கோப்பைத் திறந்தார். "ஒரு மாசம் கழிச்சு வாங்க. நடுவுல எதாவது சொல்லணும்னா ஆஸ்பத்திரிலேர்ந்து பொறுப்பாளருக்குத்தான் போன் போவும். இதுல உங்க மனைவி பேர் இருக்கு. அப்படியே இருக்கட்டுமா?"

செம்பியன் கை நீட்டிப் பேனாவை வாங்கினான். அமராவதி என்ற பெயரின் மேல் ஒரு கோடு போட்டான். பக்கத்தில் தன் பெயரை எழுத ஆரம்பித்தான். முதல் எழுத்தை முடிப்பதற்குள் பேனா இரண்டு இடத்தில் கோணிக்கொண்டது. காலையில் குடித்த கஞ்சி இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருந்தது. அது அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். தாள் நகர்வதைப் பார்த்து, வேலை செய்கிற இடத்துப் பழக்கத்தில், அதைப் பிடித்துக்கொள்ள அமராவதி கையை நீட்டினாள்.

"வேணாம்" என்றான். தாளைத் தன் இடது கையாலேயே அழுத்திக்கொண்டு மீதி எழுத்துகளையும் எழுதி முடித்தான்.